ஒன்றரை அங்குலம்

ஜனவரி இருபத்து மூன்று, வெள்ளிக்கிழமை. ஃபாரன்ஹீட்டில் முப்பத்தொரு டிகிரி, உறைநிலைக்கு ஒரு டிகிரி கீழே. காற்று இல்லை. மழை.

வானிலைக்காரர்கள் நான்கு அங்குலப் பனி என்று அறிவித்திருந்தார்கள். பனி அபூர்வமான வடக்கு அலபாமாவில் அது பிள்ளைகளுக்குத் திருவிழா. கடைகளில் ரொட்டியும் பாலும் முந்தைய நாள் நண்பகலிலேயே தீர்ந்துபோயின.

அதிகாலை ஐந்து மணிக்குக் கொல்லையில் பனி அளப்பதற்காகக் கிடத்தியுள்ள வெள்ளைப் பலகையின் முன் குனிந்து, விளக்கடித்துப் பார்த்தேன்.

பனி இல்லை. பலகையின்மீது கண்ணாடித் தாள் போன்ற ஒரு படலம் மட்டும் இருந்தது. விழும்போது மழை, விழுந்த இடத்தில் பனிக்கட்டி. பனி அளப்பவர்களாகிய எங்கள் விதிப்படி அது பனிப்பொழிவு ஆகாது. ஏட்டில் பூஜ்யம் என்றே எழுத வேண்டும்.

இருபத்தாறு ஆண்டுகளாக இந்த மாவட்டத்தின் பனியை அளந்து சொல்பவன் நான். சம்பளம் கிடையாது. என் எண்ணை எவரும் சந்தேகித்ததில்லை என்பதே என் கூலி.

முற்றத்தில் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து உறுமிக்கொண்டிருந்தது. அதை ஓட்டுபவள் என் மனைவி ஒனீட்டா.

"என்ன கெழவா, இன்னிக்காவது ஒம் பலகைக்கு அதிர்ஷ்டம் அடிச்சுதா?"

நான் சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்குக் கீழே, சாலை வளையும் இடத்தில், ஓடையின்மீது ஒரு பாலம் இருக்கிறது. அதன் தடுப்புச் சுவர் முழங்கால் உயரம். மண்ணில் சூடு தங்கும். ஆகவே சாலை நனையும், உறையாது. பாலத்துக்கு அடியில் மண் இல்லை, குளிர் மட்டுமே உண்டு. பலகை உறைந்துவிட்டது என்றால் பாலமும் உறைந்துவிட்டது. ஒனீட்டா அதைக் கடந்துபோய், அக்கரையில் முப்பத்தொரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, அதே பாலத்தின் வழியாகத்தான் பள்ளிக்குத் திரும்ப வேண்டும். அவளைத் தடுத்தால் பாலத்தை அறியாத வேறொருவரை அனுப்புவார்கள்.

அளவுகோலைப் பையில் செருகினேன். தொலைபேசி ஒலித்தது. மாவட்டப் பள்ளிகளின் தலைவர் ஹெம்ப்ரி.

"அண்ணே, எத்தனை?"

"பனி இல்லப்பா, ஐஸ். பாலத்து மேல வண்டி விடாதே."

"ஐஸ்னு சொல்லித்தான் போன வாரம் ரெண்டு நாள் மூடினேன். வெயில் அடிச்சுது. அம்மாமாரெல்லாம் என்னை உப்புக்கண்டம் போட்டுட்டாங்க. ரோடு வெறும் ஈரந்தான்னு ரோட்டுக்காரங்களும் சொல்லியாச்சு. எனக்கு ஒரு நம்பர் வேணும்ணே. உங்க நம்பர்னா ஒருத்தரும் வாய் தெறக்க மாட்டாங்க."

ஒனீட்டா பேருந்தின் கதவைச் சாத்தும் ஓசை கேட்டது.

"ஒண்ணரை அங்குலம்," என்றேன்.

ஐந்து பத்துக்குப் பள்ளிகள் மூடப்பட்டன.

ஒனீட்டா எஞ்சினை அணைத்துவிட்டு வந்தாள். பலகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பொய் சொல்றதுக்கும் ஒரு மொகம் வேணும்யா. ஒனக்கு அது கெடையாது. நல்லவேளை, போன்ல சொன்னே."

காபி வைத்தாள். வெகு நேரத்துக்குப் பிறகு நான் மூச்சை முழுதாக விட்டேன்.

ஆறே கால் மணிக்கு வானொலியைப் போட்டேன். உள்ளூர் அறிவிப்பாளர் முன்பே சொன்னதை மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாவட்டம் முழுக்க ஏமாத்தந்தான் மக்களே! எங்கயும் ஒரு பொட்டுப் பனி இல்ல. ஒரே ஒரு எடத்துல மட்டும் ஒண்ணரை அங்குலமாம். ஓடைப் பாலம் தாண்டி, நம்ம வெர்லன் வீட்டுல! வெர்லன் சொன்னா அளந்து சொன்ன மாதிரி!"

ஒனீட்டாவின் கை கோப்பையோடு நின்றுவிட்டது.

எங்கள் ஊரில் பனி நம் வாசலில் விழவில்லை என்றால் எவரும் வீட்டில் உட்காருவதில்லை. பிள்ளைகளை வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு, விழுந்த இடத்துக்குப் போவார்கள்.

சன்னலருகே சென்றேன். எதிர் மலையில், சாம்பல் வெளிச்சத்தில், இரண்டு முகப்பு விளக்குகள் தெரிந்தன. அவற்றின் பின்னால் மேலும் இரண்டு. ஏழு வண்டிகள் வரை எண்ணினேன். அதற்குமேல் எண்ண இயலவில்லை. வளைவு வளைவாக அவை பாலத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன.

ஒனீட்டா செருப்பின்றிப் பேருந்துக்கு ஓடினாள். நான் படியில் தொற்றிக்கொண்டேன். பேருந்தை எங்கள் பக்கத்துப் பாலமுனை வரை இறக்கி, சாலைக்குக் குறுக்கே நிறுத்தி, சிவப்பு விளக்குகளை எரியவிட்டாள். பள்ளிப் பேருந்தில் சிவப்பு எரிந்தால் எங்கள் ஊரில் குடித்தவனும் நிற்பான்.

முதல் வண்டி அக்கரையில் பிரேக் அடித்தது. முன் சக்கரங்கள் பாலத்தைத் தொட்டன. வண்டியின் மூக்கு ஒரு முழம் பக்கவாட்டில் வழுக்கி, சுவரை உரசி நின்றது. ஒனீட்டா என் தோளைப் பிடித்த இடம் வலித்தது.

ஓட்டிவந்தவன் டார்நெல். மரம் அறுப்பவன். தான் வழுக்கியதை அவன் உணர்ந்ததாகவே தெரியவில்லை. தலையை வெளியே நீட்டினான்.

"என்ன வெர்லன், ஒம் பனிக்கு டிக்கெட் போட்டு விக்கிறியா? பஸ்ஸ எடுய்யா!"

வண்டியின் திறந்த பின்பகுதியில் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். பனி விழட்டும் என்று, வழக்கப்படி, இரவு உடையை உட்புறம் வெளியாகத் திருப்பி அணிந்திருந்தார்கள். பனியில் சறுக்குவதற்கு, அழுக்குத் துணி போடும் பிளாஸ்டிக் கூடைகள் வைத்திருந்தார்கள். டார்நெல்லின் மகள் கூடையோடு கீழே குதித்துப் பாலத்தை நோக்கி ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் மேலும் இருவர் குதித்தார்கள்.

"வராதீங்க! பனி இல்ல!" என்று கத்தினேன். "நான் பொய் சொன்னேன்! ஒரு பொட்டும் இல்ல, வீட்டுக்குப் போங்க!"

அவள் பாலத்தின் விளிம்பில் நின்றாள். கூடையைக் கீழே வைத்தாள்.

பின்னாலிருந்த வண்டிகளின் ஒலிப்பான்கள் ஒவ்வொன்றாக அடங்கின. எவனோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டான். பாலம் உறைந்திருக்கிறது என்றும் கத்தினேன். அதை எவரும் காதில் வாங்கவில்லை.

டார்நெல் இறங்கி மகளைத் தூக்கிக்கொண்டான்.

"அப்ப, இருபத்தாறு வருஷமும் இப்படித்தானா?" என்று கேட்டான்.

வண்டிகள் பின்னோக்கி மலை ஏறின. கடைசி விளக்கு மறைந்தபோது மணி ஆறு நாற்பத்து மூன்று.