மழை வரும்வரை தோசை இல்லை

“நிரோஜினி, ஒரு மட்டையிலை எழுதி வெளியிலை தொங்கவிடு பிள்ளை. மழை வரும்வரை தோசை இல்லை.”

குகதாசன் அண்ணை இப்படிச் சொன்னபோது காலமை பத்து மணி. பாரிஸ் லாச்சப்பலிலை அப்பவே முப்பத்தாறு பாகை வெயில். எனக்குத் தலை சுத்தினது வெயிலாலையோ முதலாளியாலையோ தெரியேல்லை.

“என்னண்ணை விசர்க்கதை? தோசைக்கடையிலை தோசை இல்லையெண்டு எழுதுறதோ?”

“அம்மாளாச்சிக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன். மழை பெய்யுமட்டும் இந்தக் கடையிலை அடுப்பு பத்தக்கூடாது. பத்தினால் தெய்வக்குற்றம்.”

சொன்னதோடை நிக்கேல்லை. மஞ்சள் துணியிலை ஒரு காசை முடிஞ்சு, காஸ் அடுப்பிலை கட்டியும் விட்டார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஏனெண்டு கேளுங்கோ. முதல்நாள்தான் எங்கடை சமையல்காரி கோசலை அன்ரி தோசைக்கல்லுக்குப் பக்கத்திலை மயங்கி விழுந்தவ. நான் பயந்துபோய்த் தண்ணி தெளிச்சால், “தோசை கருகுதடி” எண்டுகொண்டு எழும்பினா. அறுபத்தொரு வயசு. பிறஷர் வேறை.

“இந்த வெயிலுக்கை இன்னொருக்கா அடுப்படியிலை விழுந்தால் எழும்பமாட்டியள்” எண்டு டாக்குத்தர் ஒரு கிழமை லீவு எழுதிக் குடுத்தவர். அன்ரி அந்தக் கடுதாசியை நாலாய் மடிச்சு, ஆடுற மேசையின்ரை காலுக்குக் கீழை வைச்சிட்டா.

“நான் லீவிலை நிண்டால் என்ரை கல்லிலை ஆற்றையோ கையெல்லோ படும்?”

அந்த மனுசி விழுந்தது முதலாளியின்ரை கண்ணிலை படேல்லை. மழைக்கு நேர்த்தி வைக்கிறாராம், நேர்த்தி!

பத்தரைக்கு அன்ரி கார்ஜிலை இருக்கிற வீட்டிலையிருந்து றெயினிலை வந்து இறங்கினா. குசினிக்குள்ளை போனவ, போன வேகத்திலை வெளியிலை வந்தா.

“தம்பி, ஆரைக் கேட்டு என்ரை அடுப்பிலை கை வைச்சனீர்?”

“நேர்த்தியக்கா.”

“என்ன நேர்த்தி?”

“அம்மாளாச்சிக்கு. மழைக்காக.”

அன்ரியின்ரை குரல் அப்படியே இறங்கிப்போச்சு. காலிலை கிடந்த சப்பாத்தைக் கழட்டிப்போட்டு, துணியைத் தொட்டுக் கண்ணிலை ஒத்தினா.

“அப்ப சரி.”

அதுக்குப் பிறகு ஒரு பெரிய விசாரணை நடந்தது. ரைஸ் குக்கர் அடுப்போ, இல்லையோ? அன்ரி கனநேரம் யோசிச்சுத் தீர்ப்புச் சொன்னா.

“நெருப்பு இல்லைத்தானே. அம்மாளாச்சி கோவிக்கமாட்டா.”

அப்படித் தயிர்ச்சாதமும் மோரும் மாங்காய்ச் சம்பலும் மட்டும் எண்டு முடிவாச்சு. அன்ரி முன்பக்கம் ஃபானுக்கு நேரை கதிரையைப் போட்டு, வெங்காயம் உரிச்சுக்கொண்டு எல்லாரையும் ஏவினா.

மத்தியானம் புதுச்சேரி ராதாகிருஷ்ணன் ஐயா வந்தார். கிழமைக்கு ஒருக்கா மசால் தோசைக்கெண்டே வாறவர். மட்டையை வாசிச்சிட்டு வாசலிலையே நிண்டார்.

“என்னங்க இது? சென் தெனியிலேருந்து ரெண்டு மெத்ரோ மாறி வர்றேன். மழைக்கும் தோசைக்கும் என்னங்க சம்பந்தம்?”

“நேர்த்தி ஐயா” எண்டன் நான். வெக்கமாய் இருந்தது.

“மெத்தேயோ, வானிலை அறிக்கை பாக்கலியா நீங்க? வியாழக்கிழமை கடல் பக்கத்துலேருந்து குளிர்காத்து வருது, இடியோட மழைன்னு ஊருக்கே தெரியும். இதுக்குப் போயி அம்மனைத் தொந்தரவு பண்ணணுமா?”

“அந்தக் காத்தை அனுப்புறதே அவதான்” எண்டா அன்ரி, வெங்காயத்திலையிருந்து கண்ணை எடுக்காமல்.

ஐயா தயிர்ச்சாதம் சாப்பிட்டுப்போட்டு, “பிரான்சுக்கு வந்தும் திருந்தலியே” எண்டு முணுமுணுத்துக்கொண்டு போனார். எனக்கும் அதே நினைப்புத்தான்.

மூண்டு நாள். சனம் மட்டையைப் படமெடுத்துச் சிரிச்சுது. முதலாளியோ மணிக்கொருக்கா போனிலை மெத்தேயோ பாத்தார். எனக்கு வாய் சும்மா இருக்கேல்லை.

“அம்மாளாச்சியிலை நம்பிக்கையெண்டால் மெத்தேயோ எதுக்கண்ணை?”

“அவ எத்தினை மணிக்கு வாறாவெண்டு பாக்கிறன்” எண்டார்.

வியாழன் பின்னேரம் நாலு மணிக்கு வானம் இருண்டுது. ஒரு இடி இடிச்சுது பாருங்கோ, கிளாசெல்லாம் கலகலத்துது. பிறகு கொட்டு கொட்டெண்டு கொட்டிச்சுது. கடைச்சனம் முழுக்க தெருவிலை இறங்கி நனைஞ்சுது. அன்ரி கணுக்கால் தண்ணிக்குள்ளை நிண்டு, தலைக்கு மேலை கை கூப்பினா. ஒரு மணித்தியாலத்திலை முப்பத்தொன்பது பாகை வெயில் இருபத்திரண்டாய் இறங்கிச்சுது.

முதலாளி துணியை அவிட்டார். அன்ரி அடுப்பைப் பத்தவைச்சு, முதல் தோசையைக் கலண்டரிலை இருக்கிற அம்மாளாச்சிக்கு முன்னாலை வைச்சா.

நான் மட்டையைக் கழட்ட வெளியிலை போனன். முதலாளி பின்னாலையே வந்து, அங்கையிஞ்சை பாத்திட்டுக் குசுகுசுத்தார்.

“பிள்ளை, இஞ்சை அம்மாளாச்சி கோயில் எந்தப் பக்கம்?”

“பகிடியோ அண்ணை?”

“இல்லைப் பிள்ளை. நாளைக்கு நேர்த்தி செலுத்தத் தானும் வாறனெண்டு அக்கா நிக்கிறா. உள்ளுக்கை போனால் எந்தப் பக்கத்தாலை சுத்துறது? நான் கோயிலுக்குப் போய் முப்பது வருசம்.”

மட்டையைக் கழட்டுறதை விட்டிட்டு அவரைத் திரும்பிப் பாத்தன்.

“சாமியே கும்பிடாத ஆள் எதுக்கண்ணை நேர்த்தி வைச்சனீங்கள்?”

அவர் கண்ணாடிக்குள்ளாலை குசினிப் பக்கம் எட்டிப் பாத்தார். அன்ரி அடுத்த தோசையை ஊத்திக்கொண்டு நிண்டா.

“டாக்குத்தர் சொல்லிக் கேக்கேல்லை. அவவின்ரை மகள் அழுது சொல்லிக் கேக்கேல்லை. நான் மறிச்சிருந்தால் வேறை கடையிலை போய் நெருப்புக்கு முன்னாலை நிண்டிருப்பா. அதுதான், அவ சொல்லுக்கேக்கிற ஒரே ஆளைக்கொண்டு சொல்லுவிச்சனான்.”