கரி பிடிக்காத பெட்டி

“இன்னிக்கும் கரி பிடிக்கலையா?”

டிக்கெட் சார் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

“இல்லையே சார். கொஞ்சம் உக்காருங்க” என்றாள் இஸ்திரிக்காரம்மா, கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல்.

“எனக்கு முன்னாடி வந்தவனோட பேன்ட்டுக்கு மட்டும் எப்படிப் பிடிச்சுதாம்?”

“அதோட அந்தக் கரி தீர்ந்துபோச்சு. இப்பதான் புதுசு போட்டிருக்கேன்.”

தினமும் இதே கதைதான். ஊரார் துணியெல்லாம் மளமளவென்று முடிந்துவிடும். அவருடைய ஒற்றைச் சட்டை வந்தால் மட்டும் அந்தப் பெட்டிக்கு எங்கிருந்துதான் சோம்பல் வருமோ, முக்கால் மணி நேரம் இழுத்துவிடும்.

அவர் ரயிலில் முப்பது வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட் இல்லாதவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன் என்று மார்தட்டிக்கொள்வார். ஓய்வு பெற்றபின்னும் தெருவுக்கு அவர் டிக்கெட் சார்தான்.

முணுமுணுத்தபடியே தன் மாடி வீட்டுக்குப் போகும் படிக்குக் கீழே, அவள் கடையோரம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“கரண்ட் வர்றதுக்கு முந்தின காலத்துப் பெட்டியைக் கட்டிக்கிட்டு அழறியேம்மா.”

“இதுக்கு என்ன சார் குறைச்சல்? கைப்பிடி மரம், சுடாது. அதுக்குக் கீழ ஒரு தகடு இருக்கு பாருங்க, அனல் நேரா கையில அடிக்காது. பக்கத்துல வரிசையா ஓட்டை, கரி மூச்சு விடறதுக்கு. மூடி திறந்துகிட்டு நெருப்பு துணியில கொட்டாம இருக்க இந்தச் சேவல் தலைக் கொக்கி.”

“பின்னாடி அது என்ன, எலி வளைக்குக் கதவு போட்ட மாதிரி?”

“அது காத்துக் கதவு சார். திறந்து வெச்சா கரி கனகனன்னு ஆயிடும். சாத்தினா தூங்கிடும்.”

“செஞ்சவன் மூளைக்காரன்தான்” என்று ஒப்புக்கொண்டார். பேச்சு அங்கிருந்து ரயிலுக்குப் போனது. ஒருமுறை கழிவறைக்குள் ஒளிந்திருந்த கல்யாண மாப்பிள்ளையைப் பிடித்த கதையைச் சொன்னார். இஸ்திரிக்காரம்மா நாலாவது தடவையாக அதைக் கேட்டு, நாலாவது தடவையாகச் சிரித்தாள்.

உள்ளதைச் சொன்னால், அந்தச் சட்டைக்கு இஸ்திரியே தேவையில்லை.

மனைவி போய் இரண்டு வருஷம். மகன் கடல் தாண்டி இருக்கிறான். பூட்டைத் திறந்து வீட்டுக்குள் போனால் ஃபிரிட்ஜ் உறுமுவதைத் தவிர வேறு சத்தம் கிடையாது. சில நாள் மாலையில்தான், காலையிலிருந்து தான் வாயே திறக்கவில்லை என்பது அவருக்கு உறைக்கும்.

அதனால் முந்தின நாள் தேய்த்து வந்த சட்டையையே அலமாரியிலிருந்து எடுப்பார். பந்தாகச் சுருட்டுவார். அதன் மேல் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பத்து மணிக்குக் கிளம்பிவிடுவார். தாமதமாகிறது என்று சண்டை பிடிப்பதும் கணக்காகத்தான். கோபப்படாவிட்டால் சந்தேகம் வந்துவிடுமே!

அந்த வாரம் வந்து சேர்ந்தது வினை. மகன் அனுப்பிய புத்தம்புது மின்சார இஸ்திரிப் பெட்டி. தையல்காரர்தான் பார்சலை மாடிக்குத் தூக்கிப் போய், பிரித்தும் கொடுத்தார்.

“அப்பா, இனிமே ஒரு சட்டைக்காக நீங்க வீட்டை விட்டே வெளிய வர வேண்டாம்” என்றான் மகன் போனில், பெருமையாக.

நல்ல பிள்ளைதான். ஆனால் அவர் அந்தப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அந்த முக்கால் மணி நேரமும் போய்விட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

மறுநாள் பத்து மணிக்குச் சட்டையோடு வந்து நின்றார்.

“வீட்டுல கரண்ட் இல்லைம்மா.”

தையல்கடையில் மின்விசிறி ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. இஸ்திரிக்காரம்மா அதைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“ஆமா சார், அடிக்கடி போயிடுது. உக்காருங்க, கரி இன்னும் பிடிக்கலை.”

அன்று ஒரு மணி நேரமே ஆகிவிட்டது. வேண்டிய மட்டும் சலித்துக்கொண்டு கிளம்பினார். பாதிப் படி ஏறியபின்தான் மூக்குக் கண்ணாடியை ஸ்டூலிலேயே விட்டுவந்தது நினைவுக்கு வந்தது. திரும்பி இறங்கியவர், கீழே தையல்காரரின் குரல் கேட்டுப் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார்.

“அக்கா, நீங்க பண்றது நல்லா இல்லை. அவர் தலை தெரிஞ்சதும் பெட்டியோட காத்துக் கதவைச் சாத்திடறீங்க. நானும் தினம் பார்க்கறேன். வயசான மனுஷனை இப்படியா காக்க வெப்பீங்க?”

“அவர் சட்டையை நீங்க விரிச்சுப் பார்த்திருக்கீங்களா?” என்றாள் அவள். “துவைச்ச துணியில பழைய மடிப்பு நிக்காது. இவர் சட்டையில நேத்து நான் வெச்ச மடிப்பு அப்படியே இருக்கு. அதுக்கு மேலதான் கசங்கலே.”

டிக்கெட் சாருக்குக் காதெல்லாம் சூடானது. முப்பது வருஷம் அடுத்தவர்களைப் பிடித்தவர், சட்டையை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கத் தோன்றாமல் போனதால் கையும் களவுமாக மாட்டிக்கொண்டு நின்றார்.

“அடடா, அப்படியா சங்கதி!” தையல்காரரின் குரல் இறங்கியது. “தனியா இருக்கற மனுஷனாச்சேன்னு இரக்கப்பட்டுத்தான் இவ்வளவும் பண்றீங்களா?”

“இரக்கமா? நல்லா இருக்கே! வர்றவங்க எல்லாம் மூட்டையைப் போட்டுட்டு, காதுல போனோட போயிடறாங்க. நீங்களோ நாள் பூரா மிஷினோட பேசறீங்க. அவர் சட்டையைச் சீக்கிரமா தேய்ச்சுக் குடுத்து அனுப்பிட்டா, அப்புறம் என்கூட யாரு பேசுவா?”