ஏழாம் நம்பர் வீட்டுக்கு ஒரு சாட்சி

லயத்து மக்கள் அனைவரும் வாயை மூடிக் காதைத் திறந்து கேட்கவேண்டிய மகத்தான செய்தி: ஆண்டு 2604, மாதம் ஆறு, நிப்பொன் பேரரசின் பெயரால் இத்தோட்டத்து வரிசை வீடுகளுக்குச் சட்டம் பிறந்துவிட்டது!

பெற்றெடுத்தவர் தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணி திருநாவுக்கரசு. ஊரெல்லாம் 1944 என்று சொல்லிக்கொண்டிருந்த வருஷத்தை ஜப்பான் கணக்குப்படி அறுநூற்று அறுபது வருஷம் முன்னால் தள்ளிவிட்டிருந்தார். அரிசி மட்டும் அந்த வேகத்தில் வந்து சேரவில்லை. ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையின் தொப்பியை மாட்டிக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட ரப்பர் பால்வாளிமேல் ஏறி நின்று பேசினார். தொப்பி அடிக்கடி மூக்குவரை இறங்கியதால் சட்டம் விட்டுவிட்டுத்தான் வெளிவந்தது.

"சயாமுக்கு ரயில் ரோடு போடப் போய் அங்கேயே செத்தவன் குடும்பத்துக்கு வீடு உண்டு. அங்கேருந்து ஓடினவன் குடும்பம் அன்னிக்கே காலி பண்ணணும். செத்ததுக்குக் கண்ணால பார்த்த சாட்சி வேணும். சாட்சி இல்லாதவன் ஓடினவன்தான்!"

"உசுரோட அங்கேயே இருந்தாங்கன்னா என்னாய்யா?" என்றாள் ராக்கம்மா, கூட்டத்தின் பின்னாலிருந்து.

"ரோடு போட்டு முடிச்சு எட்டு மாசம் ஆச்சு. உசுரோட இருக்கிறவன் வந்திருப்பான்லா!"

முதலில் மாட்டியது ஏழாம் நம்பர் வீடு. பஞ்சாலையின் புருஷன் தங்கராஜுவை லாரியில் ஏற்றிப்போய்ப் பதினாலு மாதம். கிராணி புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இங்கே மாற்றலாகி வந்து மூன்றே மாதம். தங்கராஜு அவருக்குப் பேரேட்டில் ஒரு வரி, அவ்வளவுதான்.

"சாட்சி உண்டா? இல்லேன்னா சாயங்காலத்துக்குள்ள சட்டி பானையோட கிளம்பு."

பஞ்சாலை வாசலில் நின்றபடி, உள்ளே தொங்கிய தூளியின் ஓரத்தைப் பிடித்திருந்தாள். மகன் அவள் சேலைக்குள் ஒளிந்திருந்தான். லயத்தைத் தாண்டினால் காடு. காட்டைத் தாண்டினால் கோலா கிளாவாங் ரோடு. அந்த ரோட்டோரம் போய்ப் படுத்தவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.

"சயாமுக்கு ஒரு கடுதாசி போகுதா, வருதா?" என்றாள் பக்கத்து வீட்டு ராக்கம்மா. "சாட்சிக்கு அவ எங்கய்யா போவா?"

"சாட்சி நான் இருக்கேங்க."

தண்ணீர்ப் பீப்பாய் ஓரமாகக் குந்தியிருந்த ஒருவன் எழுந்தான். இடுப்பில் கோணிச்சாக்கு, மார்வரை தாடி, காலில் புண்ணைச் சுற்றிய கந்தல். கூட்டம் பேசாமல் வழிவிட்டது.

"நீ யாரு?"

"அர்ச்சுனனுங்க. வேற தோட்டம். சயாமுல தங்கராஜுவும் நானும் ஒரே கொட்டாயிலதான் படுத்திருந்தோம். பேதி வந்துச்சு. நாந்தான் குழி வெட்டினேன்."

கிராணி வாளியிலிருந்து இறங்கினார். கோர்ட்டு வாசலைக்கூட மிதிக்காத மனுஷருக்குக் குறுக்கு விசாரணை செய்யும் பாக்கியம் தினம் வாய்க்குமா?

"பொய்ச் சாட்சின்னா தலை போயிடும், தெரியும்லா? சொல்லு, அவன் ஊரு?"

"முசிறிப் பக்கங்க."

"பெண்டாட்டி?"

"பஞ்சாலை."

"பிள்ளைங்க?"

"ரெண்டுங்க. பெரியவன் பையன். அடுத்தது அவன் லாரி ஏறும்போது வயித்துல இருந்துச்சு. பொம்பளப் புள்ள."

கிராணி பேரேட்டைப் புரட்டினார். ஊர், மனைவி, மகன், மகள். நீலப் பென்சிலால் நாலு சரி போட்டுவிட்டு, தாம் வைத்த பரீட்சையில் தாமே தேறியவர்போல நிமிர்ந்தார்.

"பலே! எல்லாம் பொருந்துது. சாகும்போது என்ன சொன்னான்?"

வந்தவன் யாரையும் பார்க்காமல் கூரைத் தகரத்தைப் பார்த்தான்.

"வீடு போயிடக் கூடாதுன்னான்."

"போகாது! பேரரசோட கருணையால ஏழாம் நம்பர் வீடு தங்கராஜு விதவைக்கே!" என்று கிராணி முழங்கினார். கை தட்டுவார்கள் என்று கொஞ்சம் பொறுத்தார். ஒருவரும் தட்டவில்லை. "நீ கிளம்பு. வெளி ஆளுக்கு லயத்துல இடம் கிடையாது. அதுவும் சட்டம்தான்."

ராக்கம்மா அவித்த மரவள்ளிக்கிழங்கு ஒன்றைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். அவன் அதை இரண்டாகப் பிட்டு, பாதியைப் பையனிடம் கொடுத்துவிட்டு, ரப்பர் மரங்களுக்கு நடுவே மலையைப் பார்த்து ஏறும் செம்மண் பாதையில் நொண்டி நொண்டி நடந்தான்.

கிராணி பென்சில் முனையை நாக்கில் தொட்டு, தங்கராஜுவின் பெயருக்கு நேரே 'மரணம்' என்று அழகாக எழுத ஆரம்பித்தார். பாதி எழுத்தில் பென்சில் நின்றது. தொப்பியைத் தூக்கிப் பஞ்சாலையை உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, புருஷன் செத்த சேதி சொல்லியிருக்கு. ஒரு சொட்டுக் கண்ணீரைக் காணோமே?"

ராக்கம்மா பஞ்சாலையின் விலாவில் இடித்தாள். "அழுடி! கிராணி பாக்குறான். வீடு போயிடும்டி, அழுது தொலை!"

பஞ்சாலை மலைப்பாதையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ராக்கம்மாவுக்கு மட்டும் கேட்கும்படி உதடு அசைந்தது.

"அவரு இன்னும் கண்ணு மறையலையேக்கா."