கழட்டிவிட்ட பெட்டி

கதவு பாதிதான் சாத்தியிருந்தது. உள்ளே அவர் போனில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

காபி டம்ளரோடு அவள் வெளியிலேயே நின்றாள். பூனை நடந்தாலே தூக்கம் கலைகிற காது அவருக்கு. மூச்சை அடக்கிக்கொண்டாள்.

புருஷன் பேசுவதை ஒட்டுக்கேட்கிற வழக்கம் அவளுக்கு இருந்ததில்லை. இப்போது கொஞ்ச நாளாக அதுவும் ஒட்டிக்கொண்டது.

வேறொருத்தி என்றால்கூட ஒரு கை பார்த்துவிடுவாள். இது ரயில். அதுவும் அந்த ரயில்.

வீட்டிலேயே காற்றோட்டமான அறை அது. மேஜை முழுக்கக் குட்டித் தண்டவாளம், விரல் நீளத்தில் பெட்டிகள். என்னென்னவோ ரயிலை எல்லாம் செய்து ஓட்டிவிட்டு, கடைசியில் அவர் கை வைத்தது, அவர்கள் இருவரும் முதன்முதலில் பார்த்துக்கொண்ட எக்ஸ்பிரஸில். அந்தக் கோடையில் எந்தப் பெட்டிக்குப் பின்னால் எந்தப் பெட்டி ஓடியது என்று அச்சுப் பிசகாமல் தெரிந்தாக வேண்டுமாம். பழைய கால அட்டவணை, மங்கிய போட்டோ, ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள், எதையும் யாரையும் விடவில்லை.

எஞ்சின், பார்சல் பெட்டி, பெண்கள் பெட்டி, சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் வரிசையில் நின்றுவிட்டன. ஒன்றுக்குத்தான் இடம் தெரியவில்லை. அவர்கள் வந்த பெட்டி.

ரயில் பெருநகரத்துக்குப் போகும். அந்த ஒரு பெட்டியை மட்டும் நடுவழி ஜங்ஷனில் கழற்றி, அவள் ஊருக்குப் போகும் பாசஞ்சரில் மாட்டிவிடுவார்கள். கப்பல் கம்பெனி நேர்காணலுக்குப் பெருநகரம் போக வேண்டியவர், அதில் ஏறி அவள் ஊரில் வந்து இறங்கினார். அவளுடைய அப்பாவின் பெயிண்ட் கடையில் ஒதுங்கியவர், கடையோடு ஒட்டி, பிறகு வீட்டுக்கே மாப்பிள்ளை ஆனார்.

சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கழட்டிவிட்ட மாப்பிள்ளை’. அவரும் சிரித்துக்கொண்டே, தெரியாமல் ஏறித் தூங்கிவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்வார்.

ஏறுவதற்கு முன்னால் ஜன்னலோரம் இருந்த பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. இந்தப் பெட்டி கடைசி வரைக்கும் போகுமா என்று கேட்டார்.

“போகும், ஏறுங்க” என்றாள் அவள்.

பெரிய காரணமெல்லாம் இல்லை. பத்தொன்பது வயது. அந்த முகம் இன்னும் கொஞ்ச நேரம் எதிரில் இருக்கட்டுமே என்று நாக்கு தானாகப் புரண்டுவிட்டது. ஜங்ஷன் வருவதற்குள் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். அதற்குள் அவர் தூங்கிப்போனார். பெட்டியைக் கழற்றிய குலுக்கலில் மேலே இருந்த தகரப்பெட்டி தடாலென்று கீழே விழுந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. பாவம், என்ன அசதியோ என்று அவளும் எழுப்பவில்லை.

அன்று முதல் அந்தப் பொய் அவளுக்குத் தொண்டையில் சிக்கிய முள். கை நிறைய பெயிண்ட் கறையோடு அவர் வீடு திரும்பும்போதெல்லாம், கோட்டுப் போட வேண்டிய மனுஷன் என்று தன்னையே நொந்துகொள்வாள். ரயில் வைக்க இந்த அறையைக் கேட்டபோதுகூட வாயைத் திறக்காமல் விட்டுக்கொடுத்தாள். ஜன்னலில் கேட்டதை அவர் மறந்துவிட்டார் என்று மட்டும் நம்பிக்கொண்டிருந்தாள்.

இப்போது பார்த்து இந்த ஆராய்ச்சி. அன்றைக்கு நம் பெட்டி நடுவிலா, கடைசியிலா என்று சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார். போலீஸ்காரர் கெட்டார். யாருக்குத் தெரியும், சாப்பிடுங்கள் என்று அவள் மழுப்புகிறாள்.

சும்மா கேட்கிறாரா, ஆழம் பார்க்கிறாரா?

ரயில் பாஷை இப்போது அவளுக்கும் அத்துபடி. ஆனால் அன்றைக்குப் பெட்டி எங்கே நின்றது என்பதுதான் அவளுக்கே ஞாபகமில்லை. அந்தப் பெட்டி நடுவில் இருந்திருந்தால் பிழைத்தாள். கூட்டத்தில் மாறி ஏறினார், தலையெழுத்து, அவ்வளவுதான். கார்டு பெட்டிக்கும் பின்னால் தனியாகத் தொங்கியிருந்தால்? அங்கே யாரும் தெரியாமல் போய் ஏற மாட்டார்கள். பிறகு எப்படி ஏறினேன் என்று யோசிப்பார். யோசித்தால் ஜன்னல் ஞாபகம் வரும். ஜன்னல் வந்தால் அவள் தொலைந்தாள்.

போனின் மறுமுனையில் அந்த ரயிலின் பழைய கார்டு. விசில் ஊதிப் பழகிய தொண்டை, கதவு வரைக்கும் கேட்டது.

“கார்டு பெட்டிக்கும் பின்னாடிதான் சார் அது! ரெண்டு பக்கமும் மஞ்சள் போர்டு, இவ்ளோ பெரிய எழுத்து. சின்னப் புள்ளகூட தப்பா ஏறாது. நீங்க எப்படி சார் ஏறினீங்க?”

அவள் கதவிடுக்கில் இன்னும் ஒட்டி நின்று உள்ளே பார்த்தாள்.

அவர் அந்தக் குட்டிப் பெட்டியை எடுத்து, வரிசையின் கடைசியில் மாட்டினார். பிறகு சிரித்தார்.

“மெதுவாப் பேசுங்க சார், வீட்ல இருக்கா. போர்டைப் படிச்சுட்டுத்தானே ஜன்னல்கிட்டயே போனேன்.”

அவள் காதுக்குள் அந்தத் தகரப்பெட்டி மறுபடியும் தடாலென்று விழுந்தது.

அடப்பாவி மனுஷா! பூனை நடந்தால் விழிக்கிற ஆள், அன்றைக்கு மட்டும் அப்படித் தூங்கினாயா? கப்பல் கம்பெனியைத் தெரிந்தே விட்டவனுக்காகவா நான் இத்தனை வருஷம் உருகினேன்?

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து முட்டிக்கொண்டு வந்தன. இரண்டையும் விழுங்கிவிட்டுக் கதவைத் தள்ளினாள்.

முதலில் அந்த அறையைத் திருப்பி வாங்க வேண்டும்.