கண்டி பஸ்ஸில் இரண்டு அரக்கர்கள்

புசல்லாவை மலையில் வசிக்கும் கொம்பன் மந்திரம் தெரிந்த அரக்கன். மூளை கொஞ்சம் மந்தம்; சிரிப்பு மட்டும் ஓயாது. கொழும்பில் குண்டு வெடித்த மறுநாள், அவனும் நானும் கண்டி பஸ்ஸில் போனோம். ஆஸ்பத்திரியில் பிறந்திருந்த என் மகனை நான் இன்னும் பார்க்கவில்லை.

வழியில் துப்பாக்கியோடு ஆமிக்காரன் ஏறினான். எங்கள் கொம்புகளையும் கோரைப்பற்களையும் பார்த்தான். என்னுடைய பல்தான் கொஞ்சம் கோணல்.

"யாரு நீங்க?" என்றான் அரைகுறைத் தமிழில்.

"அரக்கனுங்க சார்!" கொம்பன் சந்தோஷமாகக் கும்பிட்டான்.

"ரெண்டு பேருமா? தமிழ் ஆள் இல்லையே?"

"இல்லைங்க சார்."

"அப்ப சரி. இருங்க."

முன் சீட்டில் கண்ணாடி போட்டிருந்த மனிதரை மட்டும் இறக்கிக்கொண்டு போனான்.

ஆஸ்பத்திரி வாசலில் கொம்பன் மந்திரத்தை முணுமுணுத்தான். என் கொம்புகள் உதிர்ந்தன. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒல்லி ஆபீஸ் கிளாக்கர் பரமநாதனாக மறுபடியும் மாறிவிட்டேன்.

வார்டில் மகனைப் பார்த்ததும் கொம்பனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எம்புட்டு அழகு! சார், திரும்பப் பஸ்ஸில போகணுமே, புள்ளையையும் அரக்கனாக்கிரவா?"

என் மனைவி லீலாதேவி அவனை அதட்டுவாள் என்று காத்திருந்தேன்.

அவள் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு கேட்டாள்:

"பிள்ளைக்கு நோகுமோ?"