கரீபியன் அலை

"ஓம் மச்சாள், கரீபியன்தான். சின்னத் தீவு, கடற்கரையிலேயே ஹோட்டல். செருப்பே தேவையில்லை, காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறம்," என்றாள் புவனமலர் போனில். பின்னால் அலை இரைந்தது.

டொரொண்டோவிலிருந்து குடும்பத்தோடு லண்டன் வந்திருந்த மச்சாள் பெருமூச்சு விட்டாள். "குடுத்து வைச்சனீங்கள்."

"உங்களை வீட்டிலை வைச்சுப் பாக்க ஏலாமப் போச்சே எண்டுதான் கவலை."

"அதுக்கென்ன? வீடு சும்மாதானே கிடக்குது எண்டு உங்கடை மகன் திறப்பைத் தந்தவன். ஏழு பேரும் மோர்டனிலை உங்கடை வாசலிலைதான் நிக்கிறம். இந்தா, கதவைத் திறக்கிறன்." வாசல் பூட்டில் சாவி திரும்பியது.

மகனிடமும் புவனமலர் இதே கதையைத்தான் அளந்திருந்தாள். சோபாவில் இருந்த கணவர் டிவியில் இரைந்த கடலை அணைக்கப் பாய்வதற்குள், ஏழு சூட்கேஸ்களும் உள்ளே வந்துவிட்டன.

அவள் சொன்னதில் ஒன்று மட்டும் பொய்யில்லை. காலில் செருப்பில்லை.