செனைடாவின் பால்கனி

ஹவானாவில் எவேலியோவின் ஓவியக் கண்காட்சியில் எல்லோரும் அந்த ஒரு படத்தின் முன்னால்தான் நின்றார்கள். உப்புக்காற்றில் காரை உதிர்ந்துபோன பழைய வீடொன்றின் முகப்பு.

"காலம் பண்ணின காயம் இது" என்றார் ஒரு பேராசிரியர்.

"சிமெண்ட் கிடைக்காத காயம், சார்" என்றாள் மயேலின்.

எல்லோரும் சிரித்தார்கள். எவேலியோவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டு மாடியில் குடியிருந்த மயேலினின் அக்கா செனைடா, பால்கனி இடிந்து விழுந்துதான் செத்துப்போனாள். அதற்கு முந்தின வாரம் எதிரே நின்று வரைந்தபோதே பால்கனிக்கு அடியிலிருந்த விரிசலை அவன் பார்த்திருந்தான். அழகாக இருக்கிறதே என்று ரசித்து வரைந்தான். மேலே நின்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மயேலின் படத்தை உற்றுப் பார்த்தாள். "விழுந்ததுக்கு அப்புறம் வரைஞ்சீங்களாண்ணே? பால்கனியே இல்லையே."

அவனும் பார்த்தான். துருப்பிடித்த கம்பிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. காலையில் மாட்டும்போதுகூட அங்கே பால்கனி இருந்தது.

"ஆமா... அப்புறம்தான்."

"அதானே. முன்னாடியே பார்த்திருந்தா அக்காகிட்ட சொல்லாம இருந்திருப்பீங்களா?" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவனால் அதைத் தாங்க முடியவில்லை. படத்தைக் கழற்றி அவளிடமே கொடுத்துவிட்டான். அவள் அதை, வரைந்த பக்கம் வெளியே தெரியும்படி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அவன் வாசலில் நின்று பார்த்தான்.

இப்போது படத்தில் பால்கனி இருந்தது. அதன் கம்பியைப் பிடித்துக் குனிந்து நின்ற செனைடா, தங்கை தெருமுனை திரும்பும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.